நல்ல சாப்பாடுதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் 15 கிலோமீட்டரில் கால் ஓய்ந்துவிடுகிறது

கேள்வி (ஜூன் 2)

எடை 60 கிலோ. வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், ஞாயிறு மட்டும் 20 கிலோமீட்டர். சோறு, ரொட்டி, சர்க்கரை மூன்றையும் விட்டாயிற்று. காலையில் பாதாம், முளைகட்டிய பயறு. மதியம் காய்கறி, கீரை, முட்டை வெள்ளை. இரவில் சாலட், கொஞ்சம் விதைகள். எல்லாமே சத்தானவை. ஆனால் 15 கிலோமீட்டர் தாண்டினால் கால் நகர மறுக்கிறது, செவ்வாய்க்கிழமை வரை அசதி போவதில்லை. இன்னும் என்ன சத்தான பொருளைச் சேர்க்கலாம்?

ஜூன் 2, இரவு

சேர்ப்பது இருக்கட்டும், விட்டதைத் திரும்ப எடுங்கள்.

உங்கள் பட்டியலில் ஒன்றுகூடக் கெட்டது இல்லை. ஆனால் அது ஓடாத ஒருவர் எடை குறைக்கப் போட்ட பட்டியல். ஓடுகிறவருக்கு அதில் மாவுச்சத்து எங்கே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது. 60 கிலோ எடை, 20 கிலோமீட்டர் என்றால் 1,200 கலோரி. அதில் பாதி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று குறைத்தே வைத்தாலும் 600 கலோரி. கிராமுக்கு 4 கலோரி, ஆக 150 கிராம் மாவுச்சத்து அந்த ஒரு காலையில் மட்டும் எரிகிறது.

இப்போது உங்கள் தட்டுக்கு வருவோம். ஒரு கைப்பிடி பாதாம், 30 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் மாவுச்சத்து சுமார் 6 கிராம், அதிலும் பாதிக்கு மேல் நார். கீரையில் பெயருக்குத்தான் இருக்கும். முட்டை வெள்ளையில் இல்லவே இல்லை. நாள் முழுக்கச் சேர்த்தாலும் 100 கிராம் தேறுமா என்பது சந்தேகம். கால் ஓய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஜூன் 3

கொழுப்பு இருக்கிறதே, அதை எரித்து ஓட முடியாதா என்று கேட்டிருந்தார் ஒருவர். முடியும். ஒல்லியான ஆளிடம்கூடப் பல நாள் ஓடும் அளவுக்குக் கொழுப்பு இருக்கும். ஆனால் அது ஈர விறகு. எரியும், நிதானமாகத்தான் எரியும். அதிலிருந்து சக்தி எடுக்க ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், வேகம் கூடும்போது உடம்பால் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. அப்போது தசை கைவைப்பது கிளைகோஜனில்.

கிளைகோஜன் என்பது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து. நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்த ஒருவரின் தசைகளில் மொத்தமாக 400 கிராம் அளவுக்கு இருக்கும், கல்லீரலில் 100 கிராமுக்குள். இரண்டும் சேர்த்து 2,000 கலோரி. மாரத்தான் ஓடுகிறவர்கள் 30 கிலோமீட்டர் வாக்கில் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், இந்தக் கணக்குதான் அது. உங்கள் விஷயத்தில் தொட்டி பாதிகூட நிரம்பாமல் கிளம்புகிறீர்கள், அதனால் 30-க்குப் பதில் 15.

ராத்திரி தூங்கும்போது மூளை கல்லீரல் இருப்பைத்தான் எடுத்துக்கொள்கிறது. காலையில் எழும்போது அதில் பெரும்பகுதி காலி. தசையில் இருப்பது அப்படியே இருக்கும், ஆனால் தசை அதை வெளியே விடாது. தனக்கென்று வைத்துக்கொள்ளும். ஆகவே வெறும் வயிற்றில் நீண்ட தூரம் போனால் கால் ஓய்வதற்கு முன்பே தலை கிறுகிறுப்பது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, "எதற்கு இந்த வேலை" என்று தோன்றுவது எல்லாம் நடக்கும். எனக்கு முதல் அறிகுறி கணக்கு வராமல் போவதுதான். மணிக்கட்டில் கடிகாரம் 13.4 காட்டும், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கழிக்கத் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பேன்.

ஜூன் 3, பின்னிரவு

அளவு கேட்டிருந்தீர்கள். தினம் ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்துக்காரர்களின் பொதுவான பரிந்துரை. ஒன்று முதல் மூன்று மணி நேரம் என்றால் 6 முதல் 10. உங்களுக்குக் கீழ் வரம்பே 300 கிராம்.

வேகவைத்த சோறு 100 கிராமில் 28. ஒரு துண்டு ரொட்டியில் 13 முதல் 15. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமுக்கு 20-ஐ ஒட்டி. நடுத்தர வாழைப்பழத்தில் 27. இந்த நான்கும் மனப்பாடம் ஆனால் போதும், மற்றதைக் கண்ணளவில் சொல்லிவிடலாம்.

ஜூன் 5

"இத்தனை வருஷம் எல்லோரும் வெள்ளைச் சோறும் சர்க்கரையும் விஷம் என்று சொல்ல, நீங்கள் அதற்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்."

ஆமாம், ஓடுகிற நாளில், ஓடுகிற நேரத்தைச் சுற்றி. முழுத்தானியம், பயறு, காய்கறி எல்லாம் நல்லதுதான் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் நார் அதிகமாக இருக்கும் உணவு வயிற்றில் தங்கும், கீழே போய்ப் புளிக்கும். ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, குடலுக்குக் கிடைப்பது சொற்பம். அந்த நேரத்தில் குடலிடம் தவிடு அரைக்கச் சொன்னால் அது வேறுவிதமாகப் பதில் சொல்லும். புதருக்கும் சாலைக்கும் நடுவில் நின்று யோசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாதாரண நாளில் எதையெல்லாம் குறை என்கிறோமோ, சீக்கிரம் செரிப்பது, சர்க்கரை சட்டென்று ஏறுவது, நார் இல்லாதது, இதெல்லாம் ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் தகுதியாக மாறிவிடுகிறது. முந்தைய நாள் மதியம் பயறும் கீரையும், அன்று காலை ரொட்டியும் தேனும். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஓடும்போது தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட. இங்கே எழுதுகிற கிராம் கணக்கெல்லாம் அவர்களுக்கானது அல்ல. மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 6

5 கிலோமீட்டர் ஓடுகிறவர் இதைப் படித்துவிட்டு நான்கு வாழைப்பழம் சாப்பிட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மெதுவான ஓட்டத்துக்கு முந்தைய இரவுச் சாப்பாடே போதும். வெறும் வயிற்றில் ஓடிப் பழகியவர் அப்படியே ஓடலாம்.

ஜூன் 8

ஞாயிறு காலைக்கு என்ன, எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொதுக் கணக்கு இப்படி: ஒரு மணி நேரம் முன்னால் என்றால் கிலோவுக்கு 1 கிராம், இரண்டு மணி என்றால் 2, அப்படியே நான்கு வரை. நீங்கள் ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர், மூன்று மணிக்கு எழுந்து சாப்பிடச் சொன்னால் என்னை மட்டுமல்ல, ஓட்டத்தையே விட்டுவிடுவீர்கள். நான்கு மணிக்கு இரண்டு வாழைப்பழம், அல்லது மூன்று துண்டு ரொட்டியில் தேன் தடவி. 60 கிராமை ஒட்டி வந்துவிடும். வெண்ணெய் வேண்டாம், கொழுப்பு வயிற்றை விட்டு நகர நேரமாகும். முந்தைய இரவுச் சாப்பாட்டைக் கனமாக வைத்துக்கொள்ளுங்கள், சாலட் இல்லை, சோறு.

ஓட்டத்தின் நடுவில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம். முதல் அரை மணி நேரத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். பசித்தபிறகு, கால் ஓய்ந்தபிறகு சாப்பிட்டால் அது வந்து சேர்வதற்குள் வீடு வந்துவிடும்.

ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் ஜெல், அதாவது சின்னப் பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ், ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஜெல்தான் வேண்டும் என்றில்லை. உலர் திராட்சையையும் விளையாட்டு மிட்டாயையும் 2012-இல் கலிஃபோர்னியாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 80 நிமிடம் ஓடவிட்டு அப்புறம் 5 கிலோமீட்டர் பந்தயம். இரண்டும் ஒரே பலன், தண்ணீர் மட்டும் குடித்தவர்கள் பின்தங்கினார்கள். 2019-இல் இல்லினாயில் சைக்கிள் ஓட்டிகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் ஜெல்லுக்கு ஈடுகொடுத்தது, வயிறு உப்புசம் மட்டும் கூடுதல். மசியலை எதில் வைத்து எடுத்துப்போவது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பேரீச்சம்பழத்தில் நிற்கிறேன். பெரிய மெட்ஜூல் ரகம் ஒன்றில் 18 கிராம் வரும், சின்ன ரகத்தில் 5, 6 தான். கொட்டை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிழித்து, உள்பக்கத்தில் உப்பு ஒரு சிட்டிகை தேய்த்து, எண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றி வைத்துவிடுவேன். மொத்தமாகப் பையில் போட்டால் வெயிலில் ஒரே உருண்டையாகிவிடும், பிய்க்க முடியாது. ஓடிக்கொண்டே மென்றால் பல்லில் ஒட்டும், மூச்சு தடுமாறும். அதனால் கன்னத்தில் ஒதுக்கி வைத்து ஊறவிட்டு, இரண்டு மடக்குத் தண்ணீரோடு இறக்குவேன்.

ஜூன் 8, சற்று கழித்து

மேலே ஓட்டத்தின் நடுவில் மணிக்கு 60 கிராம் என்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. அது குளுக்கோஸுக்கான வரம்பு. குடலில் குளுக்கோஸை உள்ளே விடும் வாசல் மணிக்கு 60 கிராமோடு நிரம்பிவிடும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு அது தேவைப்படும். வீட்டுச் சர்க்கரை ஏற்கெனவே பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். விலை உயர்ந்த பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சமையலறை டப்பாவைத் திறந்து பார்ப்பது ஒரு நல்ல அனுபவம்.

90 கிராமை முதல் நாளே முயலாதீர்கள். குடலுக்கும் பயிற்சி வேண்டும். 30-இல் தொடங்கி வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஜூன் 9

இதெல்லாம் இப்போது வந்த கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1924-இல் பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது பலருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அடுத்த வருடம் அதே ஓட்டக்காரர்களில் சிலருக்கு முன்கூட்டியே மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு, ஓடும் வழியில் மிட்டாய். சர்க்கரையும் இறங்கவில்லை, ஆட்களும் தெளிவாக வந்து சேர்ந்தார்கள். நூறு வருடம் ஆகிறது.

அதற்கு முன்னால் என்ன நிலைமை என்றால், 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் கொடுத்தது முட்டை வெள்ளை, பிராந்தி, கூடவே ஸ்ட்ரிக்னைன் என்ற விஷம். தண்ணீர் கேட்டபோது கொடுக்கவில்லை. அவர் எல்லையைத் தொட்டதே அதிசயம். முட்டை வெள்ளையை வைத்துக்கொண்டு ஓடுவதில் உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார் என்று சொல்லலாம்.

இன்னொரு கதை இதைவிடப் பிடிக்கும். 1966-இல் பெரிஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரண்டு சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். களைத்து நிறுத்தியபின் மூன்று நாள் மாவுச்சத்து நிறைய உள்ள சாப்பாடு. தங்கள் தொடையிலேயே ஊசி குத்தித் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் மிதிக்காத காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாப்பாடு ஒன்றுதான், ரத்தம் ஒன்றுதான், உழைத்த தசை மட்டும் கூடுதலாக வாங்கிக்கொண்டது. ஓடிவிட்டுச் சாப்பிடும் சோறு எங்கே போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஜூன் 10

வாய் கொப்பளித்தாலே போதுமாமே என்று கேட்டவருக்கு: பாதி உண்மை. 2004-இல் சைக்கிள் ஓட்டிகள் ஒரு மணி நேரப் பந்தயத்தில் மாவுச்சத்துக் கரைசலை வாயில் வைத்துத் துப்பினார்கள், விழுங்கவில்லை. வேகம் ஏறக்குறைய 3 சதவீதம் கூடியது. நாக்கு மூளைக்குச் சேதி சொல்கிறது, மூளை கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சரி. மூன்று மணி நேரம் நாக்கை நம்பி ஓட முடியாது.

ஜூன் 12

அடுத்து உங்கள் செவ்வாய்க்கிழமை அசதி.

ஞாயிறு ஓட்டம் முடிந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு "குளித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு சாலட்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அதிலேயே விடை இருக்கிறது.

ஓடி முடித்த முதல் இரண்டு மணி நேரம் தசை சர்க்கரையை வழக்கத்தைவிட வேகமாக உள்ளே இழுக்கும். 1988-இல் வந்த ஓர் ஆய்வில் உடனே மாவுச்சத்து எடுத்தவர்களையும் இரண்டு மணி நேரம் தள்ளி எடுத்தவர்களையும் ஒப்பிட்டபோது, தள்ளியவர்களின் கிளைகோஜன் நிரம்பும் வேகம் பாதி அளவுக்குக் குறைந்தது.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, முப்பதாவது நிமிடம் தாண்டினால் எல்லாம் போச்சு என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஓட்டம் எட்டு மணி நேரத்தில் என்றால் பதறலாம். அவர்கள் முதல் நான்கு மணி நேரம், மணிக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று சாப்பிட வேண்டும். உங்களுக்கு அடுத்த ஓட்டம் செவ்வாய். ஒரு நாளைக்கு மேல் அவகாசம் இருந்தால் நாள் முழுக்கச் சேர்கிற மொத்தம்தான் முக்கியம், நிமிடக் கணக்கு அல்ல. உங்கள் சிக்கல் பதினொன்றரை மணி இல்லை. பதினொன்றரைக்கு வந்ததும் சாலட், இரவுக்கும் சாலட்.

புரதமும் வேண்டும். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 0.3 கிராம் அளவு, உங்களுக்கு 18 கிராம். முழு முட்டை மூன்று, அல்லது அரை லிட்டர் பால், அல்லது வேகவைத்த பயறு இரண்டு கிண்ணம். நாளுக்கு மொத்தமாக கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை, நான்கைந்து வேளையாகப் பிரித்து. ஒரே வேளையில் கொட்டுவதைவிட அதுதான் தசைக்கு உதவும்.

ஓடி முடித்ததும் சாப்பிடப் பிடிக்காது, வாய் எதையும் ஏற்காது என்பவர்களுக்குப் பால். சர்க்கரையோ கோகோவோ போட்டு, வாழைப்பழம் சேர்த்து அடித்துக் குடித்தால் மாவுச்சத்து, புரதம், தண்ணீர், உப்பு நான்கும் ஒரே டம்ளரில். பால் ஒத்துக்கொள்ளாதவர் சோயாப் பால் எடுக்கலாம், பாதாம் பாலில் புரதம் சொற்பம்.

ஜூன் 13

மஞ்சள் கருவை ஏன் கொட்டுகிறீர்கள்? ஒரு முட்டையின் 6 கிராம் புரதத்தில் ஏறக்குறைய பாதி அதில்தான் இருக்கிறது. வைட்டமின் டி, பி12 எல்லாம் அங்கேதான். வெள்ளையைத் தின்று மஞ்சளைக் கொட்டி, அப்புறம் வைட்டமின் மாத்திரை வாங்குகிறார்கள்.

ஜூன் 15

தண்ணீர் பற்றி யாரும் கேட்காமலே எழுதுகிறேன், ஏனென்றால் "எவ்வளவு குடித்தாலும் நல்லதுதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்.

நல்லதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. பெரும்பாலும் யார் என்றால், நான்கு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேஜையிலும் நின்று குடித்தவர்கள். ஓட்டம் முடிந்தபோது அவர்களில் பலரின் எடை கூடியிருந்தது. ரத்தம் நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம், அதற்கு மேல் போனால் மூளை வீக்கம். உயிர் போயிருக்கிறது.

தாகம் எடுத்தால் குடியுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் சரி, கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள்.

உப்பு ஆளுக்கு ஆள் மாறும். வியர்வை ஒரு லிட்டரில் சிலருக்கு 400 மில்லிகிராம் சோடியம், சிலருக்கு 1,000-க்கு மேல். என்னுடைய கறுப்புத் தொப்பியின் விளிம்பில் காய்ந்தபிறகு வெள்ளைக் கோடு ஒன்று நெளிந்து நிற்கும், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். உங்களுக்கும் அப்படி என்றால் நீங்களும் உப்பு அதிகம் இழக்கிற ஆள்.

வீட்டுப் பானம்: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சைச் சாறு. இதில் 6 சதவீதம் சர்க்கரை, 600 மில்லிகிராமை ஒட்டி சோடியம். சர்க்கரையும் சோடியமும் குடல் சுவரில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உள்ளே போகும், தண்ணீரும் பின்னாலேயே போகும். சர்க்கரையை 100, 120 என்று ஏற்றினால் இனிப்பாக இருக்கும், ஆனால் வயிற்றிலேயே நின்று குலுங்கும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வேகம் குறைந்துவிடும்.

ஜூன் 20

நடுவில் வந்த ஒரு கேள்வி: "ஒழுங்காகச் சாப்பிட்டும் மூச்சு வாங்குகிறது, படி ஏறினாலே அசதி. நான் சைவம், பெண்."

இது வேறு விஷயமாக இருக்கலாம். இரும்பு. ஓடுகிறவர்களுக்கு அது பல வழியில் கசியும்: வியர்வை, குடல், பாதம் தரையில் அறையும்போது உடையும் சிவப்பணுக்கள். பெண்களுக்கு மாதவிலக்கும் சேர்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள், இருப்பு குறைவது முதலில் அதில்தான் தெரியும். ஃபெரிட்டின் பார்க்காமல் மாத்திரை போடாதீர்கள், இரும்பு மிஞ்சினாலும் ஆபத்து.

தாவர உணவின் இரும்பு சுலபமாக உடம்பில் ஏறாது. பயறு, கொண்டைக்கடலை சாப்பிடும்போது எலுமிச்சையோ ஆரஞ்சோ கொய்யாவோ கூட இருந்தால் பல மடங்கு ஏறும். சாப்பாட்டோடு டீயும் காபியும் குடித்தால் அப்படியே தடுத்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று: கடினமாக ஓடி முடித்தபின் மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து நிற்கும். அது குடலில் இரும்பு ஏறும் வழியை அடைத்துவிடும். ஆகவே காலையில் ஓடினால் முடித்த கையோடு இரும்புள்ள சாப்பாடு, இல்லாவிட்டால் இரவுக்குத் தள்ளிவிடுங்கள். நண்பகல்தான் இருப்பதிலேயே மோசமான நேரம்.

ஜூன் 21

அவருக்கே இன்னொன்று, நேற்றே எழுதியிருக்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது ஓட்டத்தில் முன்னேறியதற்கு அடையாளம் என்று சில பயிற்சிக் குழுக்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எரிச்சலாக வரும். உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை, அவசியமில்லாத செலவை அது நிறுத்துகிறது, அவ்வளவுதான். கூடவே எலும்பும் மெலியும், கால் எலும்பில் மயிரிழை விரிசல் வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு ஒரு பெயரே வைத்து, ஆண்களுக்கும் வரும் என்று எழுதிவைத்தது.

தோராயமாகப் பார்க்க ஒரு வழி: நாள் முழுக்கச் சாப்பிட்ட கலோரியிலிருந்து ஓட்டத்தில் செலவானதைக் கழியுங்கள். மிச்சம், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் ஆபத்துப் பகுதி. கொழுப்பு நீங்கலாக 45 கிலோ உள்ளவருக்கு அது 1,350. கேள்வி கேட்டு இந்த இழையைத் தொடங்கியவரே, உங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் இதில் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன், எண்ணை இங்கே எழுத மனமில்லை.

ஜூன் 27

மிச்சக் கேள்விகள், வேகமாக.

பீட்ரூட் சாறு: வேலை செய்யும், கொஞ்சம். அதிலுள்ள நைட்ரேட்டை நாக்கிலுள்ள பாக்டீரியா மாற்றிக்கொடுத்தால்தான் பயன். கிருமிநாசினி வாய்க்கழுவி போட்டுவிட்டுக் குடித்தால் வீண். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். அப்புறம் கழிப்பறையில் சிவப்பாகப் பார்த்துப் பயந்து எனக்கு எழுத வேண்டாம், பீட்ரூட்தான் அது. உச்சநிலை ஓட்டக்காரர்களுக்குப் பலன் குறைவு, நம் மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

காபி: கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கஃபீன், ஒரு மணி நேரம் முன்னால். 60 கிலோவுக்கு 180 என்றால் இரண்டு கோப்பை. 2004 வரை அதிக அளவு கஃபீன் தடைப் பட்டியலில் இருந்தது என்பதே அதன் வீரியத்துக்குச் சான்று. பழக்கமில்லாதவருக்குப் படபடப்பும், அவசரமாக ஒதுங்க வேண்டிய நிலைமையும் வரும்.

வைட்டமின் சி, ஈ பெரிய மாத்திரைகள்: தேவையில்லை. 2014-இல் நார்வேயில் ஒரு குழுவுக்கு 11 வாரம் தினம் 1,000 மில்லிகிராம் சி, கூட ஈ என்று கொடுத்துப் பயிற்சி செய்யவைத்தார்கள். பயிற்சியால் தசைக்குள் உருவாக வேண்டிய மாற்றங்கள் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மந்தமாக இருந்தன. ஆரஞ்சு சாப்பிடுங்கள், அந்த அளவில் வம்பில்லை.

ஜூலை 4

சோற்றைத் திரும்ப ஆரம்பித்த வாரமே ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது, நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். ஒரு கிராம் கிளைகோஜன் சேரும்போது கூடவே ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேரும். காலியாகக் கிடந்த தசையில் 350 கிராம் கிளைகோஜன் ஏறினால் தண்ணீரோடு 1,400 கிராம். உங்கள் ஒன்றரைக் கிலோ அநேகமாக அதுதான், கொழுப்பு இல்லை. மாவுச்சத்தை விட்ட முதல் வாரத்தில் சட்டென்று இரண்டு கிலோ இறங்கியதைக் கொண்டாடினீர்களே, அதுவும் இதே தண்ணீர்.

18 வரை நிற்காமல் போனேன் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்கலாம்.

ஜூலை 9

பந்தயத்துக்கு முன் இரண்டு நாள், தினமும் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்று எங்கோ படித்துவிட்டு, 60 கிலோவுக்கு 600 கிராம், அதற்கு இரண்டு கிலோவுக்கு மேல் சோறு தின்ன வேண்டுமே என்று மிரண்டிருக்கிறீர்கள். கணக்கு சரி. சோற்றில் மட்டும் அதை எட்ட நினைத்தால்தான் சிக்கல். பழச்சாறு, தேன், ஜாம், ரொட்டி, உருளைக்கிழங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதியைக் குடித்தே முடித்துவிடலாம். எண்ணெயையும் நாரையும் குறைத்தால் இடம் கிடைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் பந்தயத்துக்கு மட்டும்தான் இது. முன்பெல்லாம் இதற்கு முன்னால் மூன்று நாள் மாவுச்சத்தே இல்லாமல் வறட்டுவார்கள். அது தேவையில்லை, ஓட்டத்தைக் குறைத்துச் சாப்பாட்டைக் கூட்டினாலே தசை நிரம்பிவிடும் என்று 1981-இலேயே காட்டிவிட்டார்கள்.

600 வராவிட்டாலும் பரவாயில்லை, 450 வந்தாலே நீங்கள் இதுவரை ஓடாத ஆள். பந்தய நாளில் புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள், வழியில் இலவசமாக நீட்டும் ஜெல்லையும் சேர்த்துத்தான். எந்தக் கம்பெனி ஜெல் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிறு அதை வைத்து ஓடிப் பாருங்கள். கஃபீன் கலந்ததா, கலக்காததா என்பதையும் கேட்டுவிடுங்கள்.